64 புராசஸில் விடை மாறுகிறது: ரவுண்டிங்கா, பிழையா?

வாசகர் ஒருவரின் கேள்வி: “முனைவர் பட்ட ஆய்வுக்காக, சீனியர் எழுதி வைத்துவிட்டுப் போன வெப்பப் பரவல் நிரல் ஒன்றை எடுத்து நடத்திக்கொண்டிருக்கிறேன். சி++, எம்பிஐ (புராசஸ்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்ளும் முறை). உள்ளே, சமன்பாடுகளைச் சுற்றுச் சுற்றாகத் தீர்க்கும் கான்ஜுகேட் கிரேடியன்ட் சால்வர். அது நிற்கும் எல்லை 10⁻⁸. ஒரு புராசஸில் வரும் விடையும் 64 புராசஸில் வரும் விடையும் எட்டாவது, ஒன்பதாவது இலக்கத்தில் வேறுபடுகின்றன. ‘ஃப்ளோட்டிங் பாயின்ட் அப்படித்தான்’ என்கிறார்கள். பழைய அவுட்புட் ஃபைலோடு ஒப்பிடும் ஒரே ஒரு டெஸ்ட் இருந்தது. எப்போதும் தோற்றுக்கொண்டே இருந்ததால் அதையும் நிறுத்திவிட்டோம். கிளஸ்டரில் இடம் கிடைக்க ஒரு நாள் ஆகிறது. இப்படி ஒரு நிலையில் தானியங்கி டெஸ்ட் எழுத முடியுமா? எங்கே தொடங்குவது?”

முடியும். கிளஸ்டருக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். நாலு கோர் உள்ள மடிக்கணினி போதும். ஆனால் டெஸ்ட் எழுத உட்காரும் முன், ‘ஃப்ளோட்டிங் பாயின்ட் அப்படித்தான்’ என்ற பேச்சைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியின் நிழலில் நிஜமான பிழைகள் வருஷக்கணக்கில் ஒதுங்கி இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

உண்மையான பாதி இது. டபுள் எண்ணுக்கு 53 பிட் துல்லியம். ஏறக்குறைய 16 இலக்கம். அதற்கு மேல் இருப்பது ஒவ்வொரு கூட்டலிலும் ரவுண்ட் ஆகிவிடும். ஆகவே கூட்டும் வரிசை மாறினால் விடையும் மாறும். 10¹⁶ உடன் 1ஐக் கூட்டி, அப்புறம் 10¹⁶ஐக் கழித்துப் பாருங்கள்: 0 வரும். முதலில் கழித்துவிட்டு 1ஐக் கூட்டினால் 1 வரும். 64 புராசஸ்கள் அவரவர் பங்கைத் தனியாகக் கூட்டி, ஆல்ரெட்யூஸ் என்ற எம்பிஐ கட்டளையில் ஒன்று சேர்க்கும்போது நடப்பதும் இதுதான், சிறிய அளவில். பத்து லட்சம் எண்களைக் கூட்டும் இடத்தில் 13ஆவது இலக்கத்தின் பக்கத்தில் வித்தியாசம் தென்பட்டால் பதற வேண்டாம்.

உங்களுக்கு மாறுவதோ எட்டாவது இலக்கம். கூட்டல் வரிசை மட்டும் இவ்வளவு தூரம் கொண்டுவராது. சால்வரைத்தான் முதலில் சந்தேகிப்பேன். ரவுண்டிங்கில் ஏற்படும் சின்ன மாற்றத்தால் அது ஒரு சுற்று முன்னதாகவோ பின்னதாகவோ நின்றிருக்கலாம். 10⁻⁸ என்ற எல்லையும் சமன்பாட்டில் மிஞ்சும் ரெசிடியூவலுக்குத்தான், விடைக்கு இல்லை. விடையில் இருக்கும் பிழை அதைவிடப் பெரிதாகவும் இருக்கக்கூடும். இதை உறுதிசெய்ய ஒரு எளிய வழி உண்டு, இன்றைக்கே செய்து பாருங்கள். எல்லையை 10⁻¹² ஆக்கி, இரண்டு விதமாகவும் ஓட்டி ஒப்பிடுங்கள். வித்தியாசமும் கூடவே சுருங்கினால் காரணம் சால்வர்தான். எல்லையை எவ்வளவு இறுக்கினாலும் எட்டாவது இலக்கத்திலேயே நின்றால், நிரலில் பிழை இருக்கிறது. அதை ரவுண்டிங் கணக்கில் எழுதாதீர்கள்.

டெஸ்ட் எழுதும்போது நான் பிடித்துக்கொள்ளும் நூலும் இதுதான்: எது பிட் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும், எது எவ்வளவு மாறலாம், ஏன் மாறலாம் என்று முதலிலேயே பிரித்துவிடுவது. டாலரன்ஸை, அதாவது அனுமதிக்கும் வித்தியாசத்தை, டெஸ்ட் பச்சையாகும்வரை கூட்டிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. அது டெஸ்ட்டை அணைத்து வைப்பதற்குச் சமம். 10⁻⁹ என்று எழுதினால், ஏன் 10⁻⁹ என்று பக்கத்திலேயே ஒரு வரி கமென்ட் இருக்கட்டும்.

பிட் பிசகக் கூடாத இடத்திலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அங்கேதான் இணை நிரல்களின் பிழைகளில் பெரும்பகுதி இருக்கிறது: ஹாலோ பரிமாற்றம். கணக்கிடும் பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு புராசஸுக்கும் ஒரு பங்கு கொடுத்திருக்கிறோம்; பக்கத்துப் புராசஸின் ஓரக் கட்டங்களை நகலெடுத்து வாங்குவது அது. நகல் என்பதால் ரவுண்டிங்குக்கு அங்கே வேலையே இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் வெப்பநிலைக்குப் பதிலாக அந்தக் கட்டத்தின் மொத்த வரிசை எண்ணை நிரப்புங்கள். நகல் வந்து சேரும் ஹாலோ கட்டங்களில் நேன் (‘எண் அல்ல’ என்று குறிக்கும் மதிப்பு) வைத்துவிடுங்கள். பரிமாற்றத்தை ஒரு முறை நடத்துங்கள். இப்போது ஒவ்வொரு ஹாலோ கட்டத்திலும் பக்கத்து வரிசை எண் இருந்தாக வேண்டும். டாலரன்ஸ் இல்லாமல், சரிசமம் என்று ஒப்பிடலாம். இடம் வலம் மாறியிருந்தால், ஒரு வரிசை தள்ளிப் போயிருந்தால், மூலைக் கட்டம் விட்டுப்போயிருந்தால், எந்தக் கட்டம் எங்கிருந்து வந்தது என்று எண்ணே சொல்லிவிடும். பழைய மதிப்பு அப்படியே தங்கிவிடும் பிழையை நேன் காட்டிக்கொடுக்கும். ஒரு எச்சரிக்கை: வேகத்துக்காகக் கணக்கு விதிகளைத் தளர்த்தும் ஃபாஸ்ட்-மேத் ஆப்ஷனோடு கம்பைல் செய்தால், நேன் என்று ஒன்றே வராது எனக் கம்பைலர் எடுத்துக்கொண்டு உங்கள் நேன் சோதனையையே தூக்கிவிடக்கூடும். டெஸ்ட் பில்டில் அதை எடுத்துவிடுங்கள்.

இதை 1, 2, 3, 4 என நாலு புராசஸ் எண்ணிக்கையிலும் ஓட்டுங்கள். மூன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். சுற்றி வளைந்து சேரும் பீரியாடிக் எல்லையில் இரண்டே புராசஸ் இருந்தால் இடப்பக்கத்து ஆளும் வலப்பக்கத்து ஆளும் ஒருவரேதான். தவறான ஆளுக்கு அனுப்பினாலும் சரியான ஆளிடமே போய்ச் சேரும். மூன்றாவது ஆள் வந்தால்தான் குட்டு வெளிப்படும். கட்டங்களின் எண்ணிக்கையும் மீதியில்லாமல் வகுபடக் கூடாது: மூன்று புராசஸுக்கு 17 கட்டம் கொடுங்கள். நாலு புராசஸுக்கு மூன்றே கட்டம் கொடுத்து, ஒருவர் வெறுங்கையோடு இருக்கும்போது என்ன ஆகிறது என்றும் பாருங்கள். 64 புராசஸில் வரும் பிழைகளில் பல, மூன்று புராசஸில் 17 கட்டத்தில் ஒரு விநாடிக்குள் அகப்பட்டுவிடும்.

எம்பிஐ டெஸ்ட் எழுதுகிறவர்கள் முதலில் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஒரு புராசஸில் சரிபார்ப்பு தோற்று, அது மட்டும் பாதியில் வெளியேறினால், மற்றவை அடுத்த ஆல்ரெட்யூஸில் அதற்காகக் காத்துக்கொண்டே இருக்கும். டெஸ்ட் தோற்காது, தொங்கும். அதனால் ஒவ்வொரு புராசஸும் தன் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாருடைய முடிவையும், ஒருவர் தோற்றாலும் தோல்வி என்று கணக்கிடும் ஒரு லாஜிக்கல் ஆண்ட் ரிடக்‌ஷனில் சேர்த்த பிறகே வெற்றி தோல்வியை அறிவிக்க வேண்டும். கூகுள்டெஸ்ட் போன்ற சி++ டெஸ்ட் கருவிகளுக்கு எம்பிஐ தெரியாது. மெயின் ஃபங்ஷனை நீங்களே எழுதி அங்கே எம்பிஐயைத் தொடங்கி முடியுங்கள். ஃபோர்ட்ரானில் எழுதுகிறவர்களுக்கு நாசா காடார்டில் உருவான பிஎஃப்யூனிட் இருக்கிறது. அதற்கு எம்பிஐ தெரியும். டைம்அவுட்டும் மறக்க வேண்டாம். டெஸ்ட்களை ஓட்டும் சிடெஸ்ட் கருவி தானாக வைத்துக்கொள்வது 1,500 விநாடி, அதாவது 25 நிமிஷம். சின்ன டெஸ்ட்டுக்கு 30 விநாடி என்று நீங்களே போட்டுவிடுங்கள்.

தொங்குவதில் இன்னொரு வகை இருக்கிறது, என்னை ஒரு முறை நிறையவே அலைக்கழித்தது. சின்ன மாதிரியில் எல்லா டெஸ்ட்டும் தேறும், பெரிய மாதிரியில் நிரல் அசையாமல் நிற்கும். இரண்டு புராசஸ்கள் ஒன்றையொன்று பார்த்து முதலில் செண்ட், பிறகு ரிசீவ் என்று எழுதியிருந்ததுதான் காரணம். செய்தி சிறிதாக இருந்தால் எம்பிஐ அதைத் தன் பஃபரில் வாங்கி வைத்துக்கொண்டு உடனே திரும்பிவிடும். பெரிதாக இருந்தால் எதிராளி ரிசீவுக்கு வரும்வரை காத்திருக்கும். இரண்டு பேரும் செண்டிலேயே நின்றால் யார் ரிசீவுக்கு வருவது? இதைப் பிடிக்கப் பெரிய மாதிரி தேவையில்லை. டெஸ்ட் பில்டில் மட்டும் எல்லா செண்டையும் எஸ்செண்டாக மாற்றும் ஒரு மேக்ரோ வைத்துக்கொள்ளுங்கள். எஸ்செண்ட் செய்தி எவ்வளவு சிறிதானாலும் எதிராளிக்காகக் காத்திருக்கும். ஒளிந்திருக்கும் டெட்லாக் எட்டு பைட் செய்தியிலேயே வெளிவந்துவிடும். அப்போது இது தெரிந்திருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

அடுத்தது, இயற்பியல் சரிதானா என்பது. பழைய அவுட்புட்டோடு ஒப்பிட்டால் ‘நேற்று போலவே இன்றும்’ என்று மட்டும்தான் தெரியும். நேற்றே தவறாக இருந்தால்? வெப்பப் பரவலில் இதற்கு நல்ல விடை கையிலேயே இருக்கிறது. இரு முனையும் பூஜ்ய வெப்பநிலையில் இருக்கும் கம்பியில், ஆரம்ப வெப்பநிலையை அரைச் சைன் அலையாக வைத்தால், அலையின் வடிவம் மாறாமல் உயரம் மட்டும் எக்ஸ்பொனென்ஷியலாகக் குறையும். அந்தக் கணித விடையோடு உங்கள் விடையை ஒப்பிட்டுப் பிழையை அளந்துகொள்ளுங்கள். பிறகு கட்ட அகலத்தைப் பாதியாக்கி மறுபடி அளங்கள். நேரத்துக்கு, முதல் படித் துல்லியமே உள்ள பேக்வர்ட் ஆய்லர் முறை என்றால் நேரப் படியை நாலில் ஒன்றாக்க வேண்டும். இடத்தில் இரண்டாம் படித் துல்லியம் என்றால் பிழை நாலில் ஒரு பங்காகக் குறையும். பாதியாக மட்டும் குறைந்தால் முதலில் எல்லை நிபந்தனையைப் பாருங்கள். அங்கே அரைக் கட்டம் தள்ளிப்போயிருக்கலாம். படமாக வரைந்து பார்த்தால் அது அழகாகவே தெரியும். அதனால்தான் கண்ணை நம்பாமல் இந்த விகிதத்தை டெஸ்ட்டாக எழுதச் சொல்கிறேன்: 3.8க்கும் 4.2க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 1991 ஆகஸ்ட் 23 அன்று நார்வேயில், ஸ்லைப்னர் ஏ என்ற எண்ணெய்த் தளத்தின் கான்கிரீட் அடித்தளம் கடலில் மூழ்கியது. அதன் சுவர்களில் வரும் வெட்டு விசையை சுவரைச் சிறு துண்டுகளின் வலையாகப் பிரித்துப் போடும் ஃபைனைட் எலிமென்ட் கணக்கு 47 சதவீதம் குறைத்துக் காட்டியிருந்தது. வலை அங்கே போதுமான அளவு நுணுக்கமாக இல்லை. வலையை நுணுக்கினால் விடை நகர்கிறதா என்று பார்ப்பது இதே போன்ற தவறுகளைப் பிடிக்கத்தான்.

கணித விடை இல்லாத சமன்பாட்டுக்கு, விடையை நீங்களே தேர்ந்தெடுத்து, அது வரும்படியான மூலச் சொற்களைப் பின்னோக்கிக் கணக்கிட்டுக் கொடுக்கலாம். பெயர் மேனுஃபேக்சர்ட் சொல்யூஷன். முனைகளை வெப்பம் கடத்தாதபடி அடைத்துவிட்டு மொத்த வெப்பம் மாறாமல் இருக்கிறதா என்று பார்ப்பதும் ஐந்து வரி டெஸ்ட். ஆனால் நிறையப் பிடிக்கும். பின்னாளில் டர்புலன்ஸ் போன்ற கேயாஸ் உள்ள கணக்குக்குப் போனால் ஒன்றை மனதில் வையுங்கள்: அங்கே கடைசி இலக்க வித்தியாசமும் நேரம் போகப் போக வளரும். முதல் சில படிகளை மட்டும் ஒப்பிடுங்கள், மீதிக்குச் சராசரிகளைப் பாருங்கள்.

அளவு பெரிதானால் மட்டும் வரும் பிழை ஒன்று பாக்கி. 32 பிட் இன்ட்டின் உச்சம் 2,147,483,647. பக்கத்துக்கு 1,290 கட்டமுள்ள கனசதுரம் அதற்குள் அடங்கும். 1,291 ஆனால் அடங்காது. இதற்கும் பெரிய இயந்திரம் தேவையில்லை. வரிசை எண்ணைக் கணக்கிடும் ஃபங்ஷனை மட்டும் தனியாகப் பிரித்து, நினைவகம் ஒதுக்காமலே, 1,291 என்று கொடுத்துக் கடைசிக் கட்டத்தின் எண்ணைக் கேளுங்கள். நெகட்டிவ் எண்ணோ வேறு ஏதாவது உளறலோ வந்தால் விஷயம் தெரிந்துவிடும்.

இவை எல்லாம் மடிக்கணினியில் இரண்டு நிமிஷத்துக்குள் ஓடும். ஒவ்வொரு கமிட்டுக்கும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் போன்ற இடத்தில் தானாக ஓட விடுங்கள். கோரை விடப் புராசஸ் அதிகம் என்று ஓப்பன் எம்பிஐ மறுத்தால் ஓவர்சப்ஸ்கிரைப் ஆப்ஷன் கொடுங்கள்; மெதுவாக ஓடும், ஆனால் ஓடும். எப்போதாவது மட்டும் தோற்கும் டெஸ்ட் இருந்தால் அதை ‘ஃப்ளேக்கி’ என்று ஒதுக்காதீர்கள். சிடெஸ்ட்டில் தோற்கும்வரை திரும்பத் திரும்ப ஓட்டும் வசதி இருக்கிறது. 50 முறை ஓட்டிப் பாருங்கள். இணை நிரலில் எப்போதாவது தோற்பது பெரும்பாலும் நிஜமான ரேஸ் கண்டிஷன், அதாவது எந்தப் புராசஸ் முந்துகிறது என்பதைப் பொறுத்து விடை மாறும் பிழை.

கிளஸ்டருக்கு வாரம் ஒரு ஜாப் போதும். திருச்சி என்.ஐ.டி.யில் 2022இல் தொடங்கிய பரம் பொருள் போல, பலர் பகிர்ந்துகொள்ளும் கிளஸ்டர் என்றால் எல்லாரும் உள்நுழையும் லாக்இன் நோடில் டெஸ்ட்டை ஓட்டாதீர்கள், மற்றவர்களுக்கு இடைஞ்சல். ஜாப்களை வரிசைப்படுத்தி ஓட்டும் ஸ்லர்மில் ஜாபைச் சமர்ப்பிக்கும்போது வெயிட் ஆப்ஷன் சேர்த்தால், ஜாப் முடியும்வரை கட்டளை காத்திருந்து அதன் எக்ஸிட் கோடையே திருப்பித் தரும். உங்கள் ஸ்கிரிப்ட்டுக்கு வெற்றி தோல்வி தெரிந்துவிடும். வேகத்தையும் அங்கே அளக்கலாம். ஐந்து முறை ஓட்டி, இருப்பதிலேயே குறைந்த நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பகிர்ந்த இயந்திரத்தில் சராசரி அலைபாயும். இத்தகைய டெஸ்ட்கள் பெருகி, இரண்டு மூன்று கிளஸ்டர்களில் ஓட்ட வேண்டி வந்தால் சுவிட்சர்லாந்தின் தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் மையம் உருவாக்கிய ரீஃப்ரேமைப் பாருங்கள். இப்போதைக்கு அது உங்களுக்குத் தேவையில்லை.

சரி, எங்கே தொடங்குவது? சால்வர் எல்லையை இறுக்கிப் பார்க்கும் சோதனை முதலில், ஹாலோ டெஸ்ட் இரண்டாவது, சைன் அலை மூன்றாவது. மூன்றும் தேறிய பிறகு, நிறுத்திவைத்த அந்தப் பழைய டெஸ்ட்டைத் திரும்ப எடுங்கள். அதைத் தூக்கிப்போட வேண்டாம். சால்வரை 10⁻¹² இல் வைத்துப் புதிதாக ஒரு மாதிரி ஃபைல் உண்டாக்கி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதற்குப் பதில் ஒப்பீட்டு வித்தியாசம் 10⁻⁹க்குள் இருக்கிறதா என்று பார்க்கும்படி மாற்றுங்கள். எந்தக் கம்பைலர், எந்த ஆப்ஷன்களில் அந்த ஃபைல் உருவானது என்பதையும் அதிலேயே எழுதி வையுங்கள். உங்களுக்குப் பிறகு இந்த நிரலை எடுத்து நடத்தப்போகிற ஜூனியர் முதலில் தேடுவது அதைத்தான்.