செம்பு சுற்றி வருகிறது, தோல்தான் தேங்கி நிற்கிறது: கேபிள் கேள்வி பதில்

கேபிள் தொழிற்சாலைகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன் நான். மறுசுழற்சி, கார்பன் கணக்கு, பழைய வயர் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

மின்னியல் மாணவி, மதுரை: பழைய பொருளையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் 'சுழற்சிப் பொருளாதாரம்' என்று எல்லா கேபிள் கம்பெனிகளும் சொல்கிறார்கள். உண்மையில் எது சுழல்கிறது சார்?

செம்பு சுழல்கிறது அம்மா, அதுவும் காலங்காலமாக. காயலான் கடைக்காரரிடம் சுத்தமான, பளபளக்கும் காப்பர் கம்பியைக் கொடுத்துப் பாருங்கள். 'மில்பெரி' என்று தனி விலை சொல்வார். குப்பையில் வீச யாருக்கும் மனம் வராது. பெரும்பாலான சுரங்கங்களில் ஒரு டன் தாதுவை உடைத்தால் பத்து கிலோ செம்புகூடத் தேறாது. பழைய கம்பியை உருக்கினால் சுரங்கம், அரைப்பு, உருக்காலை எல்லாம் மிச்சம். ஆற்றலில் 80 சதவீதம் வரை குறையும்.

கேபிள் நிறுவனமே தன் பழைய கேபிளைத் திரும்ப வாங்கி, பிரித்து, மறுபடி கம்பியாக்குவதுதான் புதிது. பிரான்ஸில் நெக்ஸான்ஸ் அப்படிச் செய்கிறது. கழிவுகளைக் கையாளும் சூயஸ் நிறுவனத்தோடு கூட்டாக நடத்தும் 'ரெசிகாப்ல்' ஆலையில் கேபிளை அரைத்துப் பிரிக்கிறார்கள். பக்கத்திலேயே லான்ஸ் நகரில் நெக்ஸான்ஸின் செம்பு வார்ப்பாலை இருக்கிறது.

ஆனால் கேபிள் என்பது செம்பு மட்டும் இல்லையே. அதன் மேல் இருக்கும் தோல் எங்கே போகிறது என்று கேளுங்கள். அங்கேதான் பதில் தடுமாறும்.

வயரிங் காண்ட்ராக்டர், ஈரோடு: பழைய காப்பரில் செய்த வயர் மட்டமானதா அண்ணே?

சரியாகச் சுத்திகரித்தால் இல்லை. மின்பகுப்பு முறையில் 99.99 சதவீதத்துக்குக் கொண்டுவந்த செம்புக்குப் பழசு புதுசு கிடையாது. கண்டதையும் சேர்த்து உருக்கி அப்படியே கம்பி இழுப்பதுதான் தப்பு. செம்பில் பாஸ்பரஸ் 0.04 சதவீதம் கலந்தாலே மின்கடத்தும் திறனில் ஏறத்தாழ கால்வாசி போய்விடும். ஃப்ரிட்ஜ், ஏசி செம்புக் குழாய்களில் பாஸ்பரஸ் உண்டு. அது வயர் உலைக்குள் விழுந்தால் வினைதான்.

சைட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் சரியாக ஒரு மீட்டர் வெட்டி, தோலை உரித்து, நகைக்கடைத் தராசில் காப்பரை மட்டும் நிறுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 13 கிராம் இருக்க வேண்டும். 11, 10 என்று இறங்கினால் கம்பியைச் சன்னமாக்கி ஏமாற்றியிருக்கிறார்கள். எடை சரியாக இருந்தும் மின்தடை கிலோமீட்டருக்கு 12.1 ஓமைத் தாண்டினால் செம்பின் தூய்மையைச் சந்தேகப்பட வேண்டும். இதற்கு மட்டும் லேப் தேவை.

மோட்டார் ரீவைண்டிங் கடை, கோவை: எங்கள் பகுதியில் பையன்கள் வயரை எரித்துத்தான் காப்பர் எடுக்கிறார்கள். அவ்வளவு கெடுதலா?

ஆமாம், அவ்வளவு கெடுதல். வயரின் தோல் பெரும்பாலும் பிவிசி பிளாஸ்டிக். அந்தப் பிவிசி பிசினில் எடைக்குப் பாதிக்கு மேல் குளோரின்தான். அது எரியும்போது பக்கத்தில் செம்பும் இருந்தால், டையாக்ஸின் என்ற கொடிய நச்சு உருவாவதை அந்தச் செம்பே வேகப்படுத்தும். பழைய வயர்களின் தோலில் ஈயமும் இருக்கும், அது சாம்பலோடு மண்ணில் இறங்கும். ஒருமுறை ஊருக்கு வெளியே ஒரு காலி மனையில் பார்த்தேன். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையன், எரித்த வயர்க் குவியலைக் குச்சியால் கிளறி, கறுத்த கம்பியைக் கையால் உதறிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தான். கை, முகம் எல்லாம் அந்தச் சாம்பல். இப்போதும் நினைத்தால் வயிறு கலங்குகிறது.

காசுக் கணக்கிலும் நஷ்டம்தான். எரித்த கம்பி கறுத்து, முறுகிவிடும். மில்பெரி விலை கிடைக்காது, ஒரு படி கீழேதான் எடுப்பார்கள். தடித்த கேபிளுக்குத் தோல் உரிக்கும் சின்ன மெஷின் போதும். கையால் சுற்றுவதும் இருக்கிறது, மோட்டாரில் ஓடுவதும் இருக்கிறது. மெல்லிய பல இழை வயர்களை உரிக்க முடியாது. அவற்றை அரவை ஆலைக்குத்தான் அனுப்ப வேண்டும். அங்கே பொடிப்பொடியாக நறுக்கி, அதிரும் சாய்ந்த மேஜையில் அடியிலிருந்து காற்றடிப்பார்கள். முறத்தில் புடைப்பது போலத்தான். கனமான செம்பு ஒரு பக்கம் ஏறும், லேசான பிளாஸ்டிக் மறுபக்கம் இறங்கும். புகையே கிடையாது. நாலைந்து கடைகள் சேர்ந்து சரக்கைச் சேர்த்து அனுப்பினால் கட்டுப்படியாகும்.

அதே மாணவி: எக்ஸ்எல்பிஇ கேபிளின் தோலை உருக்க முடியாதா?

முடியாது. வெந்த இட்லியை மறுபடி மாவாக்க முடியுமா? மூலக்கூறுகளைக் குறுக்கே பின்னிவிட்ட பாலிஎத்திலீன் அது. சூடேற்றினால் உருகாது, கருகும். பொடியாக்கி வேறு பிளாஸ்டிக்கில் நிரப்பியாகச் சேர்க்கலாம், அல்லது எரிபொருளாக்கலாம். அதனால்தான் சிலர் பின்னல் இல்லாத, உருக்கக்கூடிய பாலிபுரொப்பிலீன் பக்கம் போகிறார்கள். இத்தாலியின் பிரிஸ்மியான் நிறுவனத்தின் 'பி-லேசர்' கேபிள் அந்த வகை.

பிளாஸ்டிக் வியாபாரி, சென்னை: அப்படியானால் பிவிசி சுலபம்தானே?

உருகும், அதுவரை சரி. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பதுதான் பிரச்சினை. இத்தாலியின் ஃபெரரா நகரில் சோல்வே நிறுவனம் 'வினிலூப்' என்ற ஆலையை 2002-ல் தொடங்கியது. கேபிள் தோலைக் கரைப்பானில் கரைத்து, வடிகட்டி, பிவிசியாகவே திரும்ப எடுத்தார்கள். அருமையான வேலை. ஆனால் பழைய கேபிளை மிருதுவாக்கச் சேர்த்திருந்த தாலேட் எண்ணெயும் கூடவே வந்தது. ஐரோப்பிய ரசாயனச் சட்டம் அந்தத் தாலேட்டுக்குக் கடிவாளம் போட்டதும் ஆலைக்கு நெருக்கடி முற்றியது. 2018-ல் மூடினார்கள். முப்பது வருடத்துக்கு முன்னால் யாரோ எழுதிய ஃபார்முலா, இன்றைய மறுசுழற்சியை நிறுத்திவிட்டது!

பிவிசி சூட்டில் சிதையாமல் இருக்கச் சேர்க்கும் ஸ்டெபிலைசரில், ஈயம் சேர்ந்ததற்கு பதில் கால்சியம்-துத்தநாகம் போடுங்கள் என்று நான் தலையால் அடித்துக்கொள்வது இதனால்தான். நம் நாட்டில் 2021-ல் வந்த ஈய விதி பிவிசி குழாய்களுக்குத்தான். வயர் வாங்கும்போது ஈயம் இல்லாததா என்று நீங்களாகத்தான் கேட்க வேண்டும்.

நிறுவன அறிக்கை தயாரிப்பவர், பெங்களூரு: கேபிள் கம்பெனியின் நிலைத்தன்மை அறிக்கையில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

கூரையில் போட்ட சோலார் படத்தைத் தாண்டிப் போங்கள். நல்ல காரியம்தான், ஆனால் கேபிள் ஆலை எரிக்கும் மின்சாரம் மொத்தக் கார்பனில் சின்னப் பங்கு. வாங்கும் செம்பு, அலுமினியம், அப்புறம் விற்ற கேபிள் ஆண்டுக்கணக்கில் சூடாக விடும் மின்சாரம், இவைதான் மலை. ஆலைக்கு வெளியே, வாங்கும் பொருளாலும் விற்ற பொருளாலும் வரும் கார்பனைச் சொல்லும் 'ஸ்கோப் 3' என்ற பகுதியில் இவை இல்லாவிட்டால் அறிக்கை பாதிதான்.

இன்னொன்று, 'மறுசுழற்சிப் பொருள் இவ்வளவு சதவீதம்' என்றால், எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். நிறம் மாற்றும்போது, கம்பிக்குத் தோல் போடும் எக்ஸ்ட்ரூடர் மெஷின் துப்பும் பிவிசி கட்டியை அரைத்து அதே லைனில் போடுவது எல்லா ஆலையிலும் தினசரி வேலை. நாங்களும் வெள்ளையில் ஆரம்பித்துக் கறுப்பில் முடித்து, கலந்த நிறத்தைக் கவச கேபிளின் உள்ளுறைக்குத் தள்ளுவோம். நிறுவனங்கள் தாமே சொல்லும் சுற்றுச்சூழல் உரிமைகோரல்களுக்கான ஐஎஸ்ஓ 14021 தரநிலைப்படி இதை மறுசுழற்சிக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

வீடு கட்டுபவர், திருச்சி: ஏசிக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் போதும் என்கிறார் எலக்ட்ரீஷியன். 2.5 போட்டால் செம்பு வீண்தானே?

வீண் இல்லை. போர்டிலிருந்து ஏசி 20 மீட்டர் என்று வையுங்கள், போக வர 40 மீட்டர். 1,500 வாட் ஏசி இழுக்கும் ஆறரை ஆம்பியரில் 1.5 வயர் 20 வாட் சூடாக விடும், 2.5 வயர் பன்னிரண்டரை. ஆண்டில் 200 நாள், தினம் 8 மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 12 யூனிட் மிச்சம், கார்பனில் 8, 9 கிலோ. கூடுதலாகப் போகும் செம்பு 350 கிராம், அதன் கார்பன் ஒன்றரை கிலோகூட இல்லை. முதல் வருடத்திலேயே ஈடாகிவிடும். தைரியமாக 2.5 போடுங்கள்.

அவரே: பழைய வீட்டை இடிக்கிறோம். வயரை என்ன செய்வது?

இடிக்கும் முன் மெயினைத் துண்டித்துவிட்டு, குழாயிலிருந்து வயரை உருவி எடுக்கச் சொல்லுங்கள், அரை நாள் வேலை. பிவிசி, ரப்பர், அலுமினியம் என்று தனித்தனிக் கட்டாகக் கட்டினால் விலையும் கூடும். கடைக்காரரிடம் 'எரிப்பீர்களா, உரிப்பீர்களா' என்று கேளுங்கள். உரிப்பவர் கிலோவுக்கு ஐந்து பத்து குறைத்துக் கொடுத்தாலும் அவரிடமே போடுங்கள்.