நெல் உற்பத்தியைப் பெருக்க அரசு போடும் திட்டங்கள் இராமநாதபுரம் கடலோரம் மாதிரி வறண்ட பகுதிக்கு உதவுகின்றனவா?

உதவுகின்றன. ஆனால் தண்ணீர் இருந்தால்தான் மற்றதெல்லாம்.

திருவாடானைப் பக்கம், கடலுக்குக் கிட்டத்திலேயே எங்களுக்கு மூன்று ஏக்கர். நாற்றங்கால், நடவு எதுவும் கிடையாது. புரட்டாசியில் புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்போம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பயிர் எழும்பிவிடும். சிக்கல் மார்கழியில்தான். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் மழை நின்றுபோகும். அப்போது கண்மாயிலிருந்து ஒரு தண்ணீர் பாய்ந்தால் நெல், இல்லையென்றால் உள்ளே மணி பிடிக்காத வெறும் சாவி. அப்பா ஒரு மணியை நகத்தால் பிதுக்குவார். வெள்ளையாகப் பால் கசிந்தால் முகம் தெளியும். ஒன்றும் வராவிட்டால் பேசாமல் வரப்பேறி நடந்துவிடுவார்.

2007-இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்பு இயக்கம் விதைக்கும் கருவிக்கும் மானியம் கொடுத்தது. விதை மானியம் நல்ல விஷயம். பரமக்குடி ஆராய்ச்சி நிலையம் தந்த அண்ணா (ஆர்) 4 மாதிரி வறட்சி தாங்கும் குறுகிய கால ரகம் எங்களுக்குத் தோது, மழை முடிவதற்குள் கதிர் வந்துவிடும். ஆனால் விதைப்பு முடிந்த பிறகு விதை வந்து என்ன பயன்?

என்னைக் கேட்டால் முதல் பணம் கண்மாய்க்குப் போக வேண்டும். 2017-இல் குடிமராமத்து, அதாவது ஊர் விவசாயிகளும் சேர்ந்து கண்மாயைச் சீர்செய்யும் வேலை, மறுபடி தொடங்கியது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். எங்கள் கண்மாயில் மண் அள்ளிய முதல் வருஷம் தண்ணீர் சேரவில்லை, வரத்துக்கால் முழுக்கச் சீமைக்கருவேலம். அதை வெட்டி எடுத்த பிறகுதான் கடைமடை வரை நனைந்தது.

அப்புறம் பயிர்க் காப்பீடு. 2016 முதல் இருக்கும் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் நெல்லுக்கு விவசாயி கட்டுவது, சம்பா பருவத்தில், காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். வயலில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கலை வாங்கிக் கட்டாயம் கட்டிவிடுங்கள். ஆனால் விளைச்சல் குறைந்ததற்கான இழப்பீடு உங்கள் வயலைத் தனியாகப் பார்த்து வராது. ஊரில் சில இடங்களில் அளவெடுத்து அறுத்து, எடை போட்டு, அந்தச் சராசரியை வைத்துக் கணக்கிடுவார்கள். ஒரு வருஷம் அந்த இடங்கள் மடைக்குப் பக்கத்தில் விழுந்தன. எங்கள் கடைமடை வயல் முழுக்கச் சாவி, கைக்கு ஒன்றும் வரவில்லை.

அந்தத் தை மாதம் அம்மா பொங்கல் வைத்தது ரேஷன் அரிசியில்தான். 2011 ஜூனிலிருந்து அது விலையில்லாமல் கிடைக்கிறது. விதைத்தவன் வீட்டுப் பானைக்கும் அதுதான் வந்து சேர்ந்தது.