ஏரிச் சேறு ஏன் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறது? அதிலுள்ள பாக்டீரியாக்களை வீட்டில் வளர்த்துப் பார்க்க முடியுமா?

முடியும், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். இதற்கு வினோகிராட்ஸ்கி தூண் என்று பெயர்.

முதலில் நாற்றம். சேற்றில் ஆக்சிஜன் மேலே சில மில்லிமீட்டரோடு தீர்ந்துவிடும். அதற்குக் கீழே உள்ள பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரேட்டை, பிறகு மாங்கனீசு, இரும்பு ஆக்சைடுகளை, அப்புறம் சல்பேட்டைச் சுவாசிக்கின்றன. அதிக ஆற்றல் தருவது எதுவோ அது முதலில் காலி. சல்பேட்டைச் சுவாசித்தால் வெளிவருவது ஹைட்ரஜன் சல்பைடு. முட்டை நாற்றம் அதுதான். அது இரும்போடு சேர்ந்தால் சேறு கறுக்கும். நன்னீரில் சல்பேட் கடலைவிட மிகக் குறைவு. சீக்கிரம் தீர்ந்துபோய், மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியாக்களின் (பாக்டீரியா போலவே தெரியும் வேறு வகை ஒற்றைச்செல் உயிர்கள்) கை ஓங்கிவிடும். அதனால் பாட்டிலில் சல்பேட்டை நாம்தான் சேர்க்க வேண்டும்.

கரையோரம், தண்ணீருக்கு அடியில் இருக்கும் கறுப்புச் சேறு அரை லிட்டர் எடுங்கள். கல், இலை, குச்சி, நத்தை எல்லாம் பொறுக்கிவிடுங்கள். அதில் மூன்றில் ஒரு பங்கோடு ஒரு டீஸ்பூன் ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) பொடி, பொடியாகக் கிழித்த தினத்தாள் கால் பக்கம், அவித்த மஞ்சள் கரு பாதி சேர்த்துப் பிசையுங்கள். சாக்பீஸ் பொடியும் போடலாம், ஆனால் அது ஜிப்சத்தில் செய்ததாக இருக்க வேண்டும். வெறும் சுண்ணாம்பு என்றால் சல்பேட் கிடைக்காது. கழுத்தை வெட்டிய பாட்டிலில் இந்தக் கலவையை அடியில் போட்டு, தட்டித் தட்டிக் காற்றுக்குமிழியை வெளியேற்றுங்கள். மேலே மீதிச் சேறு, அதன்மேல் ஏரித் தண்ணீர் 5 செ.மீ. வாயைப் பிளாஸ்டிக் தாளால் மூடி ரப்பர் பேண்ட் போட்டு, கடும் வெயில் படாத ஜன்னலோரம் வையுங்கள். பாட்டிலைத் திருப்பவே கூடாது. வெளிச்சம் படும் பக்கம்தான் நிறம் பிடிக்கும்.

பலரும் கோட்டை விடுவது தீனியில். தாளும் மஞ்சள் கருவும் கூடினால் வாயு பொங்கிச் சேறு பிளந்து மேலே எழும்பும், வீடே நாறும். கழுத்தை வெட்டாமல் மூடியை இறுக்கித் திருகினால் பாட்டில் உப்பி வெடிக்கலாம். இரண்டு மாதமாகியும் வெறும் கறுப்புதான் என்றால் பெரும்பாலும் வெளிச்சம் போதவில்லை.

நன்றாக வந்தால் ஓரிரு வாரத்தில் அடி கறுக்கும். 4 முதல் 8 வாரத்தில் கறுப்புக்கு மேலே பச்சைத் திட்டும், அதற்கும் மேலே ஊதா கலந்த சிவப்பும் தெரியும். இரண்டுமே ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாக்கள், ஆனால் தண்ணீருக்குப் பதில் ஹைட்ரஜன் சல்பைடைப் பயன்படுத்துவதால் ஆக்சிஜன் வராது. பச்சைக் கந்தக பாக்டீரியா அதிக சல்பைடைத் தாங்கும், மங்கிய ஒளியே போதும், அதனால் கீழே. ஊதா பாக்டீரியா சல்பைடைக் கந்தகத் துகளாக்கிச் செல்லுக்குள் சேமித்து, பிறகு சல்பேட்டாக்கி வெளியே விடும். அந்தச் சல்பேட் மறுபடி அடிச்சேற்றுக்கு.

இதே தூணை ஏரி அளவில் பார்க்க வேண்டுமானால் சுவிட்சர்லாந்தின் கடாஞோ ஏரி. 1,921 மீட்டர் உயரத்தில், 21 மீட்டர் ஆழம். ஜிப்சப் பாறை வழியே வரும் ஊற்று நீர் சல்பேட்டைச் சுமந்து வருகிறது. உப்பு கூடியதால் கனத்து அடியிலேயே தங்கிவிடும், மேல்நீரோடு கலக்காது. இரண்டுக்கும் இடையில், சுமார் 12 மீட்டர் ஆழத்தில், தண்ணீரையே இளஞ்சிவப்பாக்கும் ஊதா பாக்டீரியா அடுக்கு. அதில் பெரியது குரோமேட்டியம் ஒகேனி. தண்ணீரைவிடக் கனமான செல். ஒளியைத் தேடி நீந்தி மேலே கூடும். கூட்டம் சேர்ந்தால் அந்த நீர் கனத்துக் கீழே சரியும், இவை மறுபடி நீந்தி ஏறும். அந்த ஆழத்தில் தண்ணீரைக் கலக்குவது காற்றல்ல, இந்த நீச்சல்.