பை தூக்குபவரின் மகன் மட்டை பிடிக்கலாமா?

கேள்வி: என் கணவர் ஒரு கோல்ஃப் கிளப்பில் பல வருடமாக கேடியாக இருக்கிறார். மெம்பர்களின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கிற வேலை. எங்கள் மகனுக்கு 13 வயது. அப்பாவோடு போய்ப் போய் அவனும் ஆடக் கற்றுக்கொண்டான். நன்றாக ஆடுகிறான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு மெம்பர் சார் தன்னுடைய பழைய ஸ்டிக் செட்டைக் கொடுத்து, “இவனை நான் பார்த்துக்கிறேன், போட்டிக்கெல்லாம் அனுப்புங்க” என்கிறார். ஆனால் பயணம், தங்குவது என்று எங்கள் பங்குக்கும் செலவு வரும். மகளின் காலேஜுக்காகப் போட்ட சீட்டை எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். அவள் இப்போது பிளஸ் டூ. கணவரோ, “அது பணக்காரங்க ஆட்டம். பை தூக்குறவன் பிள்ளையைப் பக்கத்துல உட்கார வெச்சு சோறு போடுவாங்களா? நாளைக்கு சாருக்கு மனசு மாறினா என் பொழைப்பும் சேர்ந்து போகும்” என்கிறார். யார் சொல்வது சரி?
– பெயர், ஊர் வெளியிட வேண்டாம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சீட்டுப் பணத்தைத் தொடாதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீதியை நிதானமாகப் பேசலாம்.

உங்கள் கணவர் பயந்துபோய்ப் பேசவில்லை, பார்த்ததைப் பேசுகிறார். பக்கத்தில் உட்கார வைத்துச் சோறு போடுவார்களா என்று கேட்டாரே, அது நிஜமாகவே நடந்த கதை. 2017-இல் டெல்லி கோல்ஃப் கிளப்புக்கு ஒரு குடும்பத்தோடு விருந்தாளியாகச் சாப்பிடப் போன மேகாலயப் பெண்ணை, அவர் உடுத்தியிருந்த பாரம்பரிய உடையைப் பார்த்துவிட்டு ‘வேலைக்காரி மாதிரி இருக்கிறார்’ என்று எழுந்து போகச் சொன்னார்கள். நம் ஊரும் சளைத்ததல்ல. 2014-இல் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே சென்னையில் ஒரு கிளப் உள்ளே விடவில்லை. அதன் பிறகு வேட்டிக்கென்று சட்டமன்றத்தில் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. நீதிபதிக்கே அந்தக் கதி என்றால் கேடிக்கு என்ன கதி என்று உங்கள் கணவர் கணக்குப் போட்டிருப்பார். அதில் தப்பில்லை.

அவருக்கு ஒரு பெயர் சொல்லுங்கள்: பாப்வா செவ்கோலும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர், கேடியாக இருந்து ஆட்டக்காரர் ஆனவர். யாரும் முறையாகச் சொல்லிக் கொடுக்காததால் மட்டையைக் கை மாற்றிப் பிடிப்பார். அந்தப் பிடியோடு ஐரோப்பாவுக்குப் போய் டச்சு ஓபனை 1959, 1960, 1964 என்று மூன்று முறை வென்றார். 1963-இல் சொந்த ஊரிலேயே நேட்டால் ஓபனை ஜெயித்தபோது கிளப் கட்டடத்துக்குள் நுழைய அவருக்கு அனுமதி இல்லை. வெள்ளையர்கள் உள்ளே இருக்க, கோப்பையை வெளியே மழையில் வைத்துக் கொடுத்தார்கள். 1965-இல் அதே போட்டியில், உலகப் புகழ்பெற்ற வெள்ளை ஆட்டக்காரர் கேரி பிளேயரையே தோற்கடித்தார். கொஞ்ச காலத்தில் நிறவெறி அரசு அவரைப் போட்டிகளிலிருந்தே விலக்கிவிட்டது.

அமெரிக்காவில் விதிப் புத்தகமே இந்த வேலையைச் செய்தது. வெள்ளையர் மட்டும்தான் உறுப்பினர் ஆகலாம் என்ற விதியை அந்நாட்டுத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் சங்கம் 1934-இல் சேர்த்து, 1961-இல்தான் எடுத்தது. ஏழை வெள்ளையருக்கு வேறு ஒரு விதி. 1913-இல் அமெரிக்க ஓபனை வென்று உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த பிரான்சிஸ் விமெட் ஒரு தோட்டக்காரரின் மகன். வீட்டுக்கு எதிரே இருந்த கிளப்பில் கேடியாக இருந்தவர். 16 வயதுக்கு மேல் கேடி வேலை பார்த்தால் அமெச்சூர், அதாவது பணத்துக்காக ஆடாதவர், என்ற தகுதி போய்விடும் என்பது அன்றைய விதி. அதற்காக வேலையை விட்டார். ஜெயித்த பிறகு விளையாட்டுச் சாமான் கடை வைத்தார், அதைக் காரணம் காட்டி 1916-இல் தகுதியைப் பறித்தார்கள். கூலிக்கு உழைத்தால் ஆட்டத்தின் புனிதம் கெட்டுவிடுமாம். அப்பா காசில் ஆடினால் கெடாதாம்.

இத்தனையும் உங்கள் கணவர் பக்கம். இனி உங்கள் பக்கம்.

112 வருடம் கழித்து 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் கோல்ஃப் திரும்பி வந்தபோது இந்தியாவிலிருந்து இரண்டு ஆண்கள் போனார்கள். ஒருவர் அனிர்பன் லாஹிரி, ராணுவ மருத்துவரின் மகன். இன்னொருவர் எஸ்.எஸ்.பி. சவ்ராசியா. இவருடைய அப்பா ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரையைப் பராமரித்த ஊழியர். 1829-இல் தொடங்கிய கிளப் அது, பிரிட்டனுக்கு வெளியே அதைவிடப் பழைய கோல்ஃப் கிளப் கிடையாது. சவ்ராசியா அங்கேயே கேடியாக இருந்து, பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டார். 2008-இல் டெல்லியில் உலகத்தரப் போட்டியை வென்றார். இந்தியன் ஓபனை 2016, 2017 என்று அடுத்தடுத்து வென்றார். அவருக்கும் முன்பே டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991-இல் இந்தியன் ஓபனை ஜெயித்திருக்கிறார். இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் அதை வென்றது அதுதான் முதல் தடவை.

அதிகாரி வீட்டுப் பிள்ளை, புல் வெட்டுகிறவர் பிள்ளை. நடுவில் இருக்கிற பஸ் கண்டக்டர் பிள்ளை, டீச்சர் பிள்ளை, மளிகைக் கடைக்காரர் பிள்ளை எங்கே போனார்கள்? அவர்களுக்குத் திறமை இல்லாமலா போயிற்று? மைதானத்தை அவர்கள் கண்ணாலேயே பார்த்ததில்லை. 18 குழி மைதானம் என்றால் 100, 150 ஏக்கர் நிலம் வேண்டும். தெருவில் ஸ்டம்ப் வரைந்து கிரிக்கெட் கற்றுக்கொள்ளலாம், கோல்ஃபைக் கற்றுக்கொள்ள முடியாது. பந்தை உருட்டுகிற அந்த மொழுமொழுவென்ற கிரீன் சிமென்ட் தரையில் கிடைக்காது. லாஹிரிக்கும் சவ்ராசியாவுக்கும் வீட்டு வருமானத்தில் எட்டாத தூரம் இருந்திருக்கும். ஆனால் புல் இருவருக்குமே பக்கத்தில் இருந்தது. (சவ்ராசியாவைச் செல்லமாக ‘சிப்-புட்-சியா’ என்பார்கள். கிரீனை ஒட்டிய சின்ன அடிகளில் அவ்வளவு கெட்டிக்காரர். முழு மைதானமும் கிடைக்காத பையன் கிரீன் ஓரத்திலேயே பழகினால் இப்படித்தான் ஆவான் என்று எனக்கு ஒரு கணிப்பு.)

ஆக, இந்த நாட்டில் கோடிக்கணக்கான குழந்தைகளுக்கு இல்லாத ஒரு வசதி உங்கள் மகனுக்கு இருக்கிறது. மைதானத்துக்குள் கால் வைக்க முடிகிறது. ஆனால் அது உரிமை இல்லை, சலுகை. மெம்பர் மகன் சனிக்கிழமை காலையில் போய் ஆடினால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். உங்கள் மகன் ஆடுவது யாரோ ஒருவர் கண்டும் காணாமல் இருப்பதால். செக்ரட்டரி மாறினால், கேடி மாஸ்டருக்குக் கோபம் வந்தால், அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். உங்கள் வீட்டுப் பிரச்சினையே இதுதான், பழைய ஸ்டிக் செட் அல்ல.

அதனால் அந்த சாரிடம் கேட்பதைக் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள். அவர் நல்ல மனிதராகவே இருக்கட்டும், நானும் அப்படியே நம்புகிறேன். நல்ல மனிதருக்கும் வேலை மாற்றலாகும், உடம்பு முடியாமல் போகும், பையன் நாலு போட்டியில் தோற்றால் ஆர்வம் குறையும். பணமோ பொருளோ அவர் கொடுப்பது ஒருபுறம் இருக்கட்டும். அவரால் மட்டுமே முடிகிற ஒரு காரியம் இருக்கிறது: கிளப் கமிட்டியில் எழுந்து பேசுவது. பல கிளப்களில் திங்கட்கிழமை கேடிகள் ஆடிக்கொள்ளலாம் என்ற வழக்கம் இருக்கிறது. அந்த ஒரு நாள் போதாது. ஊழியர் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை பயிற்சி செய்யலாம், அடித்துப் பழகும் ரேஞ்சில் பந்து இலவசம், கிளப் கோச் வாரத்துக்கு ஒரு முறை பார்ப்பார் என்று எழுத்தில் ஒரு தீர்மானம் வேண்டும். அது உங்கள் மகன் பெயரில் மட்டும் இல்லாமல் எல்லாக் கேடி வீட்டுப் பிள்ளைகளுக்குமாக இருந்தால், அந்த சாரோடு நாளைக்கு மனஸ்தாபம் வந்தாலும் உங்கள் கணவர் பிழைப்பில் கை வைப்பது சுலபமில்லை.

அதோடு ஹேண்டிகேப் எண்ணும் கேளுங்கள். அமெச்சூர் போட்டிகளில் பெயர் கொடுக்கப் போனால் அதைக் கேட்பார்கள், அது கிளப் வழியாக வருவது. பலம் குறைந்தவருக்குச் சில அடிகளைச் சலுகையாகக் கொடுத்துப் பலசாலியோடு சமமாக ஆட வைக்கிற ஏற்பாடு இந்த ஆட்டத்தில் நூறு வருடத்துக்கும் மேலாக இருக்கிறது. பாங்க் பாஸ்புக்குக்கு அப்படி எதையும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

சார் செலவை ஏற்றால் பையனின் அமெச்சூர் தகுதி போய்விடுமோ என்று யாராவது பயமுறுத்தினால் கவலைப்படாதீர்கள். விமெட் காலம் இல்லை இது. 2022-இல் விதிகளைத் தளர்த்திவிட்டார்கள், ஆதரவாளர் செலவு செய்வதற்குத் தடை இல்லை. டெல்லியில் அமித் லூத்ரா நடத்தும் கோல்ஃப் ஃபவுண்டேஷன் வசதியில்லாத பிள்ளைகளைத் தேடிப் பிடித்து ஆதரிக்கிறது. அவர் 1982 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்தவர். ஒரு கடிதம் போட்டு வையுங்கள்.

இப்போது மகள். மகனுக்கு நியாயமான வாய்ப்பு கிடைக்கவில்லையே என்று நீங்கள் குமுறுவது புரிகிறது. அந்த நியாயத்தை மகள் பங்கிலிருந்து எடுத்துக் கொடுக்கப் பார்க்கிறீர்கள். அவளுடைய காலேஜ் சீட் இந்த ஜூனில் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. தம்பியின் போட்டி அடுத்த வருடமும் வரும். காலேஜ் முடித்தவளுக்குக் கையில் ஒரு பட்டமாவது நிச்சயம். கோல்ஃபில் அந்த நிச்சயம் யாருக்கும் இல்லை. நான்கு நாள் தொழில்முறைப் போட்டியில் இரண்டாம் நாள் முடிந்ததும் சுமார் பாதிப் பேரைக் கழித்துவிடுவார்கள். கழிக்கப்பட்டவருக்குப் பரிசுப் பணம் ஒரு ரூபாய் கிடையாது. ரயில் டிக்கெட், லாட்ஜ், நுழைவுக் கட்டணம் எல்லாம் கைக்காசு. வசதியான வீட்டுப் பையன் இப்படிப் பத்து வருடம் தோற்றுக்கொண்டே கற்றுக்கொள்ளலாம். உங்கள் மகனால் இரண்டு வருடம் தாங்க முடியுமா? பணக்காரர்களுக்கு இந்த ஆட்டத்தில் இருக்கிற பெரிய வசதி விலை உயர்ந்த மட்டை என்று நினைக்காதீர்கள், இந்தத் தோற்கிற வசதிதான்.

அதனால் பள்ளிக்கூடம் நிற்கக் கூடாது. அமெரிக்காவில் சிக் எவன்ஸ் என்ற ஆட்டக்காரர், கேடியாக வளர்ந்தவர், தனக்கு வந்த பணத்தைக் கேடிகளின் கல்லூரிப் படிப்புக்குக் கொடுத்தார். 1930-இல் தொடங்கிய அந்த உதவித்தொகையில் இன்றும் கேடிப் பிள்ளைகள் பட்டம் வாங்குகிறார்கள். உங்கள் கிளப்பிலும் அப்படி ஒன்று வரட்டும் என்று சார் காதில் போட்டு வையுங்கள். போட்டிக்கு அனுப்புகிற பணத்தில் பாதியை ஸ்கூல் ஃபீஸாகக் கட்டச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பையனுக்கு மைதானத்தின் மீதே ஆசை என்றால் தோட்டக்கலை படித்துவிட்டு புல்தரைப் பராமரிப்புக்கு வரலாம், கோச் சான்றிதழ் படிக்கலாம். ஆட்டக்காரராகத்தான் ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை.

சொல்ல மறந்தேன். உங்கள் கடிதத்தில் சார் சொன்னது, கணவர் சொன்னது, நீங்கள் நினைப்பது எல்லாம் இருக்கிறது. பையன் என்ன சொல்கிறான்? ஒரு வரிகூட இல்லை. சார் பார்க்காதபோதும் அந்திவேளையில் கிரீன் ஓரத்தில் நின்று ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிக்கிறானா என்று கவனியுங்கள். ஆமாம் என்றால் பதினாறு வயது வரை விடுங்கள். அப்போது தன் சொந்த மைதானத்தில் 18 குழிகளையும் வழக்கமாக 72 அடிகளை ஒட்டி முடிக்கிறானா என்று பாருங்கள். அதைவிட ரொம்ப அதிக அடிகள் எடுத்தால் ஆட்டத்தைச் சந்தோஷத்துக்கு வைத்துக்கொண்டு படிப்பில் இறங்கட்டும்.

உங்கள் கணவரிடம் கடைசியாக ஒன்று. பந்துக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, சரிவையும் புல் சாய்ந்திருக்கும் திசையையும் பார்த்து, “ஒரு கப் லெஃப்ட் சார்” (குழியின் அகலம் அளவுக்கு இடது பக்கம்) என்று சொல்வாரே, அந்தக் கண்ணுக்காகத்தான் மெம்பர்கள் அவரைக் கேட்டு வாங்குகிறார்கள். இந்திய கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக்குக்கு ரியோ ஒலிம்பிக்கில் அப்பா பை தூக்கினார், டோக்கியோ ஒலிம்பிக்கில் அம்மா தூக்கினார். அந்த டோக்கியோவில்தான் அவர் நான்காவது இடத்துக்கு வந்தார். பெற்றோர் கேடியாக வரலாம் என்று இருக்கும் போட்டிகளில் மகனுக்கு இவரே பை தூக்கட்டும். கூலி போகும் நாள் அது என்பது தெரியும். அதனால் முதல் வருடம் உள்ளூரிலேயே நாலைந்து போட்டி போதும், வெளியூர் வேண்டாம்.

கமிட்டிக்கு மனு எழுதும்போது ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். தமிழிலேயே எழுதலாம். இன்னும் இரண்டு மூன்று கேடிகளின் கையெழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாரிடம் முதலில் காட்டிவிட்டு, செக்ரட்டரி ஆபீசில் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.