ரீச்சரைக் கேளுங்கள்: சொல்லாததைச் சொன்னதாக்கும் பழக்கம்

கேள்வி: ரீச்சர், நான் உயர்தரம் படிக்கிறேன். போன மாதம் நடந்த விவாதப் போட்டியில் ‘திருகோணமலைச் சீனக்குடா எண்ணெய்க் குதங்கள் பற்றி இந்தியாவோடு செய்த ஒப்பந்தம் நாட்டுக்கு நல்லதா?’ என்பது தலைப்பு. நல்லது என்று பேச வேண்டிய அணி எங்களுடையது. “கூட்டு நிறுவனத்தில் 51 சதவீதம் எங்கள் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம்தான் இருக்கிறது” என்றேன். எதிரணித் தலைவர் எழும்பி, “நாட்டை விற்றாலும் பரவாயில்லை என்கிறார் தோழி” என்றார். மண்டபம் முழுக்கக் கைதட்டல். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதற்கு என்ன பதில் சொல்வது?
— மாணவி, உவர்மலை

பதில்: அழுகை வந்தது நியாயம்தான் பிள்ளை. என்னைக் கேட்டால், நல்ல விவாதத்தைக் கெடுக்கும் பழக்கங்களில் ஆக மோசமானது இதுதான். மேசையில் அடித்துப் பேசுகிறவரைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். நாம் சொல்லாத ஒன்றை நம் தலையில் கட்டி, பிறகு அதற்குப் பதில் சொல்லிக் கைதட்டு வாங்குகிறவரை என்னால் பொறுக்க முடிவதில்லை.

நீ சொன்னது கணக்கு. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 99 குதங்களில் 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளையான லங்கா ஐ.ஓ.சி.க்கு, 24 கூட்டுத்தாபனத்துக்கு, மிச்சம் 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. அந்த நிறுவனத்தில்தான் 51க்கு 49 என்ற பங்கு. இதை மறுக்க நேர்மையான வழிகள் எத்தனையோ இருந்தன. 50 வருடக் குத்தகை நீளம் இல்லையா, பழைய குதங்களைத் திருத்தும் செலவு யாருடையது, 51 கையில் இருந்தும் கடைசி முடிவு யாரிடம் என்றெல்லாம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நீயும் திணறியிருப்பாய், மண்டபத்தில் இருந்தவர்களும் ஏதோ தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அந்தப் பிள்ளை ஒரு வசனத்தால் அவ்வளவையும் வீணாக்கிவிட்டார்.

அடுத்த முறை இப்படி நடந்தால் கைதட்டல் அடங்கும்வரை பேசாமல் நில். அப்புறம், “விற்கலாம் என்று நான் சொல்லவில்லை. 51 சதவீதம் என்றேன். அந்த எண் சரியா, பிழையா?” என்று மட்டும் கேள். அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். கேள்வி அவர்கள் பக்கம் போய்விடும்.

அதே நேரம், மறுப்புரையில் நீயும் அதைச் செய்துவிடாதே. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலைப் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டாகப் பாடினார். பரபக்கத்தில் உலகாயதர், பௌத்தர், சமணர் என்று பிறர் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, சொன்ன பிறகே மறுக்கிறார். தன் சித்தாந்தத்தை நிறுவுவது அதற்குப் பின்னால் வரும் சுபக்கத்தில். எங்கள் சைவப் பிள்ளைகளுக்கு இந்த ஒழுங்கை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை. என்னிடம் விவாதம் பழகிய பிள்ளைகளுக்கு நான் வைத்த விதியும் இதுதான்: எதிரணி சொன்னதை, அவர்களே “ஓம், அதைத்தான் சொன்னோம்” என்று தலையாட்டும்படி முதலில் சொல்லிக் காட்டு. பிறகு மறு.

கேள்வி: சுருக்குவலை பற்றிக் கதை வந்தால் எங்கள் பெரியப்பா, “நீ பிறக்க முன்னமே நான் கடலுக்குப் போனவன்” என்று வாயை அடைத்துவிடுகிறார். வயதுக்கு மரியாதை கொடுக்க வேண்டும்தான். அப்படியென்றால் நான் பேசவே கூடாதா?
— 24 வயது வாசகர், சாம்பல்தீவு

பதில்: பேசலாம் தம்பி, பேசத்தான் வேண்டும். ஆனால் பெரியப்பாவின் அனுபவத்தோடு மோதாதீர்கள், அதைக் கேட்டு வாங்குங்கள். சுருக்குவலை மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து, அடிக்கயிற்றை இழுத்து மூடி, கூட்டத்தோடு அள்ளுவது. கரைக்கு வரவேண்டிய மீனை வெளியிலேயே அள்ளிவிடுகிறார்கள் என்பது கரைவலைக்காரரின் முறைப்பாடு. இது உண்மையா என்று சொல்லப் பெரியப்பாவை விட நல்ல சாட்சி யார்? “பெரியப்பா, நீங்கள் கரைவலை இழுத்த காலத்தில் எந்த மாதம் சூடை வரும்? ஒரு வளைப்புக்கு எத்தனை பெட்டி? எந்த வருடத்திலிருந்து குறைஞ்சது?” என்று கேளுங்கள். “நான் அனுபவசாலி” என்பது வாதம் ஆகாது. “இன்ன வருடம், இன்ன கரையில், இவ்வளவு பட்டது” என்றால் அது சான்று. அவர் சொல்லச் சொல்லக் கொப்பியில் எழுதுங்கள். அது உங்கள் கட்சிக்கு எதிராகவே போனாலும் எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் வாசகர் வட்டத்தில் திருகோணமலை நகரத்துக்குள் திரியும் மான்களைப் பற்றிப் பேசினோம். வேலி போடலாமா என்றால் ஒருவர் செலவு என்கிறார். தீவனம் வைக்கலாமா என்றால் பழகிவிடும் என்கிறார். காட்டுக்குக் கொண்டுபோகலாமா என்றால் செத்துப்போகும் என்கிறார். “அப்ப நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்றால், “எனக்கு ஒரு அபிப்பிராயமும் இல்லை, சும்மா கேட்டேன்” என்கிறார். என்ன செய்யலாம்?
— வாசகர், பாலையூற்று

பதில்: வாதிடும் முறைகளைச் சொல்லும் நியாய சாத்திரம் இந்தப் பேச்சுக்குத் தனி இடமே கொடுத்திருக்கிறது. உண்மை காணப் பேசுவது வாதம். வெல்லப் பேசுவது சற்பம். தனக்கென்று ஒரு கொள்கையும் வைக்காமல் மற்றவர் கொள்கையை இடிப்பது விதண்டை. அவர் செய்வது மூன்றாவது.

இருந்தாலும் அவரை வெளியே அனுப்பிவிடாதீர்கள். அவர் எழுப்பிய ஆட்சேபங்கள் மூன்றுமே பெறுமதியானவை. பஸ் நிலையத்தடியில் மான் பொலித்தீனை மெல்லுவதைப் பார்த்துக்கொண்டே போகிற ஊர் இது, யோசனைகளைச் சலித்துப் பார்க்க ஆள் வேண்டும். கூட்டம் முடிய அரை மணி நேரம் இருக்கும்போது மட்டும் ஒரு ஒழுங்கு வையுங்கள். அதற்குப் பிறகு வாய் திறப்பவர், இருக்கிற யோசனைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் உள்ள குறையை எப்படித் தீர்ப்பது என்று சொல்ல வேண்டும். அவருக்கும் அதே ஒழுங்குதான்.

கேள்வி: கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பெண்கள் பேசத் தொடங்கினால் பாதியிலேயே ஆண்கள் குறுக்கிடுகிறார்கள். பிறகு நாங்கள் சொன்னதையே தாங்கள் சொன்னதாகச் சொல்கிறார்கள்.
— வாசகி, கிண்ணியா

பதில்: மகள், குறுக்கிட்டால் குரலை உயர்த்தாதீர்கள், உட்காரவும் வேண்டாம். “நான் இன்னும் முடிக்கவில்லை” என்று தலைவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்தே தொடருங்கள். பக்கத்தில் இருக்கும் பெண்ணும் சேர்ந்து, “அவர் முடிக்கட்டும்” என்று சொன்னால் இன்னும் நல்லது. இதை முதலே பேசி வைத்துக்கொண்டு போங்கள்.

யோசனை உங்களுடையதாகவே இருக்க, எழுத்தில் கொடுத்துவிடுங்கள். கூட்டறிக்கையில் ‘பெண்களும் கருத்துத் தெரிவித்தனர்’ என்று ஒரு வரியில் முடித்திருந்தால் விடாதீர்கள். அடுத்த கூட்டத்தில் அறிக்கையை வாசித்து, சரிதானே என்று சபையைக் கேட்பார்கள். அந்த நேரத்தில் எழும்பி, யார் என்ன சொன்னார் என்று பெயரோடு திருத்தி எழுதச் சொல்லுங்கள்.