முதலில் ராடை அளந்துகொள்ளுங்கள்: கர்ட்டன் கேள்வி பதில்

கர்ட்டன் தைத்து மாட்டிக் கொடுப்பது என் வேலை. தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கும் சில கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கர்ட்டன், டிரேப் என்று இரண்டு பெயர் சொல்கிறார்களே, என்ன வித்தியாசம்?

கனம்தான். டிரேப் என்றால் கனத்த துணி, பின்னால் லைனிங், பெரும்பாலும் தரை வரை நீளம். கர்ட்டன் என்பது எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். விற்பவர்களே இரண்டையும் கலந்துதான் சொல்வார்கள். பெயரை விடுங்கள், துணியைப் புரட்டி லைனிங் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜன்னல் அகலம் 120 செ.மீ. அதே அகலத்துக்குத் துணி வாங்கித் தைத்தேன். பெட்ஷீட் காயப்போட்ட மாதிரி இருக்கிறது!

மடிப்பு விழத் துணி வேண்டாமா? ஜன்னலை அளந்ததுதான் தப்பு, ராடை அளக்க வேண்டும். ராடு ஜன்னலைத் தாண்டி இரு பக்கமும் 15 முதல் 20 செ.மீ. நீண்டிருந்தால், திறக்கும்போது துணி சுவர்மேல் ஒதுங்கிக்கொள்ளும், கண்ணாடியை மறைக்காது. ஆக உங்களுக்கு ராடு 160 செ.மீ. துணியின் மேல் ஓரத்திலேயே வளையம் பதித்த ஐலெட் வகை என்றால் அதற்கு இரண்டு மடங்கு, அதாவது தைத்து முடித்த அகலம் 320. அதை இரண்டு பாகமாகப் பிரித்துக்கொள்ளலாம். மெல்லிய வலைத்துணிக்கு இரண்டரை மடங்காவது வேண்டும். ஓரத் தையலுக்கு விடும் துணி இதில் சேராது.

ஐலெட், பென்சில் பிளீட், பின்ச் பிளீட்: எதைத் தேர்ந்தெடுப்பது?

கர்ட்டனின் தலைப்புதான், அதாவது மாட்டுவதற்கான மேல்பகுதிதான், மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. ஐலெட் இழுக்கச் சுலபம், ஆனால் ராடில்தான் போகும், டிராக்கில் (கொக்கிகள் நகரும் தண்டவாளம் போன்ற பட்டை) போடவே முடியாது. ஒரு பாகத்துக்கு வளையங்கள் இரட்டைப்படையில் இருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு ஓரமும் சுவர்ப்பக்கம் திரும்பும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒன்பது வளையம் குத்திவிட்டு, ஓர் ஓரம் அறைக்குள் நீட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து முழித்திருக்கிறேன்.

பென்சில் பிளீட்டில் பின்பக்கம் ஒரு டேப் தைத்திருக்கும். அதிலுள்ள கயிற்றை இழுத்தால் நெருக்கமாகச் சுருக்கம் விழும். கொக்கி மாட்டி டிராக்கிலும் போடலாம், வளையம் கோத்த ராடிலும் போடலாம். கயிற்றின் மிச்சத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள், முடிச்சுப் போட்டுச் சுருட்டி வையுங்கள். துவைக்கும்போது அவிழ்த்துத் துணியை விரிக்க அது வேண்டும்.

பின்ச் பிளீட்டில் இரண்டு மூன்று மடிப்பைச் சேர்த்துப் பிடித்து நிலையாகத் தைத்துவிடுவார்கள். என் கண்ணுக்கு அதுதான் அழகு. ஆனால் அகலம் மாறாது. வாடகை வீடென்றால் வேண்டாம், அடுத்த வீட்டு ஜன்னலுக்குப் பொருந்தாமல் போகலாம்.

வெளிச்சத்தைத் தடுக்கும் பிளாக்அவுட் லைனிங் போட்டும் காலையில் வெளிச்சம் வருகிறதே?

துணி வழியாக வராது, சுற்றியிருக்கும் இடைவெளி வழியாக வரும். ராடு சுவரிலிருந்து தள்ளி நிற்பதால் பக்கவாட்டில் சந்து விழுகிறது. முனைகள் சுவரை நோக்கி வளைந்த ராடு வாங்கி, துணியின் ஓரத்தைச் சுவர் வரை கொண்டுபோங்கள். மேல்பக்கத்துக்குப் பெல்மெட், அதாவது ராடை மறைக்கும் பெட்டி போன்ற பலகை. இருட்டுதான் முக்கியம் என்றால் ஐலெட்டைத் தவிர்த்துவிடுங்கள், அந்த அலை மடிப்புகளுக்கு நடுவே வெளிச்சம் கசியும்.

நீளமான ராடு நடுவில் தொய்கிறது.

நடுவிலும் ராடைத் தாங்க ஒரு பிராக்கெட் வையுங்கள். ஐலெட் அதைத் தாண்டாது, ஆகவே பக்கத்துக்கு ஒரு பாகம்தான்.

தரை வரை என்றால் எவ்வளவு நீளம்?

தரைக்கு 1 செ.மீ. மேலே நிறுத்துங்கள். தரை எங்கும் ஒரே மட்டமாக இருக்காது. மூன்று இடத்தில் அளந்து, குறைந்த அளவை எடுங்கள். பருத்தித் துணியானால் வெட்டும் முன்பே ஒரு முறை நனைத்துக் காயவையுங்கள்.

மாட்டிய பிறகு கீழ்ப்பகுதி பாவாடை மாதிரி விரிந்து நிற்கிறது.

மடிப்புகளை மேலிருந்து கீழ் வரை கையால் நேராக்கி, துணிப் பட்டையால் இரண்டு மூன்று இடத்தில் தளர்வாகக் கட்டி இரண்டு நாள் விடுங்கள், படிந்துவிடும். அப்படியும் படியாவிட்டால் கீழ் மூலைகளில், மடித்துத் தைத்த பகுதிக்குள், சின்ன எடைக்கட்டிகளை வைத்துத் தையுங்கள்.