அந்த 214 கோடி எங்கிருந்து வந்துச்சு?

கேள்வி: என் பையன் விளையாடுற கேம்ல காயின் 2147483647-க்கு மேல ஏறவே மாட்டேங்குது. தேடிப் பாத்தா இது பகா எண்ணுன்னு வேற போட்டிருக்கு. அதனாலதான் அங்கயே நிக்குதா?

பதில்: இல்லைங்க, ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. காயின் கணக்குக்கு 32 பிட், அதாவது 0 இல்லேன்னா 1 மட்டும் போடக்கூடிய 32 கட்டம், ஒதுக்கியிருப்பாங்க, அதுல ஒண்ணு ப்ளஸ்ஸா மைனஸான்னு காட்டவே போயிடும், மிச்சம் இருக்கற 31-லயும் 1 போட்டு நிரப்பினா வர்றதுதான் இந்த 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. அதாவது முப்பத்தோரு 2-ஐப் பெருக்கி அதுல ஒண்ணு கழிச்சது. கேம் எழுதினவர் உஷார் பேர்வழி, அங்கயே பிரேக் போட்டுட்டார். இல்லேன்னா பல ப்ரோகிராம்ல அடுத்த காயின் விழுந்த உடனே கணக்கு மைனஸ் 2147483648-க்குப் போயிடும், கோடீஸ்வரன் ஒரே நொடில கடன்காரன்!

பகா எண்ணா அமைஞ்சது தற்செயல். ஆனா அதக் கண்டுபிடிச்ச கதைதான் சூப்பர். கணித மேதை ஆய்லர் 1772-லயே சொல்லிட்டார், அதுவும் கண்பார்வை கிட்டத்தட்ட முழுசா போன நிலைமைல. இதோட வர்க்கமூலம் 46340 சொச்சம், அதுவரைக்கும் உள்ள பகா எண் எல்லாத்தாலயும் வகுத்துப் பாக்கணும்னா 4,700-க்கு மேல வகுத்தல், யாரால முடியும்? அவர் என்ன பண்ணார்னா, இத மீதியில்லாம வகுக்கற பகா எண் ஏதாவது இருந்தா அத 248-ஆல வகுக்கும்போது மீதி 1 இல்லேன்னா 63 தான் வரணும்னு காட்டிட்டார். அப்படிப் பாத்தா 63, 249, 311, 497, 559னு மொத்தமே 370 சொச்சம் எண்ணுதான். அதுலயும் 63, 249 எல்லாம் 3-ல போயிடும், 497 வந்து 7 பெருக்கல் 71, ஸோ முதல்ல நிஜமா வகுக்க வேண்டியது 311. வகுத்தா மீதி 35. இந்த வரிசைல அடுத்து வர்ற பகா எண் 1303, நடுவுல ஒண்ணுகூட இல்ல! இப்படியே கடைசிவரைக்கும் போனார், எதுவும் வகுக்கல. அதுக்கப்புறம் பல வருஷம் மனுஷனுக்குத் தெரிஞ்ச மிகப்பெரிய பகா எண்ணே இதுதான்.

கேள்வி: யூட்யூப்ல கூட இந்த எண்ணால ஏதோ சிக்கல் வந்துச்சாமே?

பதில்: ஆமா, 2014 டிசம்பர்ல. கொரியப் பாடகர் சையோட பாட்டு வியூஸ் இந்த அளவத் தாண்டிருச்சு, 64 பிட்டுக்கு மாத்தினோம்னு அவங்களே சொன்னாங்க. இப்போ எல்லை 9223372036854775807. இது பகா எண் இல்லைங்க. 2-ஓட அடுக்கு 3-ஆல வகுபட்டா, அதுல ஒண்ணு கழிச்சது எப்பவும் 7-ஆல வகுபடும், இங்க அடுக்கு 63. ஒரு பேப்பர எடுத்து 7-ஆல வகுங்க, 1317624576693539401 வரும். அதையும் திரும்ப 7-ஆல வகுக்கலாம்.